நான் வேண்டாமென்று விட்ட மனை

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பின்னால் மனை பிரித்து விற்றபோது, பக்கத்துப் பக்கத்தில் இரண்டுதான் மிச்சம் இருந்தன. முதலில் போய் நின்றது நாங்கள். எது வேண்டும் என்று தரகர் கேட்டதும், கிழக்குப் பார்த்த மூலை மனையை நான்தான் கை காட்டினேன். என் கணவரோடு இரும்புக் கம்பெனியில் ஷிப்ட் பார்த்தவர் மற்றதை வாங்கிக்கொண்டார். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும்.

இரண்டு வீட்டுக்கும் போர் போட்டார்கள். எங்களுக்கு இருநூறு அடி போயும் துருவும் உப்பும்தான். அவர்களுக்கு அறுபது அடியிலேயே இளநீர் மாதிரித் தண்ணீர். நடுவே இருந்தது ஒரே ஒரு சுவர்.

எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் வீட்டில் எத்தனை விசில் விட்டாலும் துவரம்பருப்பு முழுசு முழுசாக முழித்துக்கொண்டிருக்கும். டீ போட்டால் பால் திரியும். பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை நாலு துவையலில் பழுப்பாகிவிடும். பக்கத்து வீட்டுக்காரிக்கோ துணியும் பளிச், முடியும் கருகருவென்று இடுப்பு வரைக்கும். என் முடி சீப்போடு வந்துகொண்டிருந்தது.

ஒருநாள் அங்கே டீ குடித்துவிட்டு வந்த என் கணவர், “அந்த ஊட்டு டீதான் டீ. நீயும்தான் போட்ற” என்றார்.

“அப்ப அங்கியே குடிச்சிக்கினு இரு” என்று டம்ளரைத் தொட்டியில் விட்டெறிந்தேன்.

அவள் தண்ணீர் தராமல் இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டியாவது இருப்பேன். பாவி, தினமும் காலையில் மோட்டார் போட்டதும், “அக்கா, கொடத்த எத்துக்கினு வாங்க” என்று கூப்பிடுவாள். குடிக்க மட்டும் ஒரு குடம். மூன்று வருடம் அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டேதான் அவளை மனசுக்குள் கரித்துக் கொட்டினேன். நான் விட்ட மனை, நியாயமாக என் தண்ணீர், இவள் என்ன எனக்குத் தர்மம் பண்ணுவது?

ஒரு கோடைக் காலையில் அவள் கூப்பிடவில்லை. நானே குடத்தோடு போனேன். வாளியைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

“இத்த வாய்ல வச்சிப் பாருங்கக்கா. ஒரு மாரியா கீது. ஒங்களுக்குத்தான் தெரியும்.”

ஒரு மடக்கு குடித்தேன். அதே துரு, அதே கரிப்பு. அப்படியே எங்கள் வீட்டுத் தண்ணீர். உள்ளே எனக்குக் குளுகுளுவென்று இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது? முகத்தை மட்டும் வாட்டமாக வைத்துக்கொண்டு, “ஆமாம்மா, கெட்டுப்போச்சி” என்றேன்.

அவள் வாளியைச் செடியோரம் கவிழ்த்தாள்.

“இனிமே தண்ணிக்கி நாம எங்கக்கா போறது?”

நாம என்றாள். என் வீட்டிலும் இனிக் குடிக்க ஒரு சொட்டு இல்லை என்பது, அவளுக்கு உறைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.