அப்பாவின் படகைக் காட்டிய முக்கோணம்

அப்பா திருகோணமலையில் ஓர் இழுவைப்படகில் வேலை செய்தார். கல் ஏற்றிய தட்டைப்படகைக் காங்கேசன்துறைக்கு இழுத்துப் போகும் நாட்களில் நடுக்கடலில் போன் வேலை செய்யாது. முல்லைத்தீவுப் பக்கம் தண்ணீரூற்றில் இருந்த எங்கள் வீட்டில் அம்மா அடுப்பு மூட்டுவார், சாப்பிடமாட்டார்.

அதற்கு மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் சோதனை எழுதி அனுமதிப்பத்திரம் எடுத்த அமெச்சூர் வானொலிக்காரர். படகின் இஞ்சினியருக்கும் அதே பைத்தியம். படகு நிற்கும் இடத்தை வானத்தில் சுற்றும் செய்மதியிடம் அறிந்து வானொலியில் சொல்லிக்கொண்டேயிருக்கும் சிறு பெட்டியொன்றை அவர் மேல்தட்டில் பூட்டியிருந்தார். மாமா எங்கள் தென்னையில் ஏறி அன்ரெனா கட்டினார். மடிக்கணினியில் நீலக் கடல், அதில் ஒரு சிவப்பு முக்கோணம். அதுதான் அப்பா.

எனக்கு எட்டு வயது. பாதிதான் விளங்கியது. இவ்வளவும் தெரிந்த செய்மதி, அப்பா சாப்பிட்டாரா என்று ஏன் சொல்வதில்லை?

ஒரு பின்னேரம் முக்கோணம் முல்லைத்தீவுக்கு நேரே நின்றுவிட்டது.

"கடல் அடிக்குது போல. நங்கூரம் போட்டிருப்பினம் அக்கா," என்றார் மாமா. அம்மா கணினியை விட்டு எழும்பவில்லை.

அப்போது மோட்டார்சைக்கிளில் இருவர் வந்தார்கள். சாதாரண உடுப்பு. தென்னையை அண்ணாந்து பார்த்தார்கள். மாமா பத்திரம் எடுக்க உள்ளே போனார். ஒருவர் என்னிடம் குனிந்தார்.

"பிள்ளை, இந்த வயர் என்னத்துக்கு?"

பள்ளிக்கூடத்தில் நான் சொன்னதை ஒருவரும் நம்பியதில்லை. இவராவது கேட்கிறாரே என்று சந்தோசம்.

"கப்பல் எங்க நிக்குதெண்டு எங்களுக்குத் தெரியும். செய்மதி சொல்லும். இப்ப ஒண்டு முல்லைத்தீவுக்கு நேர நிக்குது. வந்து பாருங்கோ!"

அம்மா ஓடிவந்து பிடித்த பிடியில் என் வளையல் உடைந்தது. "சின்னப்பிள்ளை ஐயா. தகப்பன் அந்தப் படகில வேலை. அதைத்தான் சொல்லுறா."

மாமா நீட்டிய பத்திரத்தை இருபக்கமும் திருப்பித் திருப்பி வாசித்தார்கள். பிறகு அதையும் கணினியையும் வானொலியையும் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கதைக்க வேணுமென்று மாமாவையும் கூட்டிப்போனார்கள்.

மறுநாள் மத்தியானம் மாமா வெறுங்கையோடு வந்தார். குளித்துவிட்டு நேரே தென்னையில் ஏறி அன்ரெனாவை அவிழ்த்தார். அதற்கடுத்த நாள் அப்பா கரையிலிருந்து போன் எடுத்தார். இஞ்சின் பழுதாம், வேறொன்றுமில்லையாம். அம்மா எல்லாக் கதையும் கதைத்தார், மாமாவைக் கொண்டுபோனதை மட்டும் சொல்லவில்லை.

என்னை ஒருவரும் ஏசவுமில்லை.

"நீங்கள் பத்திரம் எடுத்தனீங்களெல்லோ மாமா, பிறகேன் கழட்டினனீங்கள்?"

"உன்ர அப்பாதான் கரைக்கு வந்திட்டாரே," என்றார் அவர், என்னைப் பார்க்காமல். அப்பா அடுத்த கிழமையும் கடலுக்குப் போவாரே என்று நினைத்தேன், கேட்கவில்லை.

அந்த இருவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவ்வளவு அக்கறையாகக் கேட்டவர்கள். அவர்கள் வீட்டிலும் யாரோ கடலுக்குப் போயிருக்க வேண்டும். ஆள் கரை சேர்ந்ததும் கணினியையும் வானொலியையும் திருப்பித் தருவார்கள் என்று, பின்னேரங்களில் வாசல் படலையடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.