சந்திரனின் காலை யாரும் தொடவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட் ஹாமில் எங்கள் ஊர்க் கழகத்துக்கு உதைபந்தாட்ட இறுதி ஆட்டம். மழை தூறிக்கொண்டிருந்தது. லண்டனில் வேறு என்ன செய்யும்? நான் வழக்கம்போலக் கோட்டோரத்தில் ஆட்டக்காரருக்குத் தோடம்பழம், அதுதான் ஆரஞ்சு, வெட்டிக்கொண்டு நின்றேன். கழகத்தில் எனக்கு அதுதான் வேலை. வாய் திறக்கத் தேவையில்லை என்பதால் பிடித்த வேலையும்கூட.

ஆட்டத்துக்கு முன்பே பெரிய வாக்குவாதம். சந்திரனை இறக்குவதா, வேண்டாமா?

சந்திரன் நடுவில் நின்று பந்தைப் பிரித்துக் கொடுப்பவன். பந்து அவனிடம் வந்தால்தான் மற்றவர்களுக்கு எங்கே ஓடுவதென்றே தெரியும். போன கோடையில் இதே போட்டியில் அவன் கால் முறிந்தது. எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். இனி நடந்தாலே போதும் என்று பேசிக்கொண்டோம்... அவன் இல்லாத இடத்தில்தான்.

"டொக்டர் ஓடலாமெண்டு சொல்லிப்போட்டார்" என்றான் சந்திரன்.

"ஓடலாமெண்டவர் சரி. உதை வாங்கலாமெண்டவரோ?" என்றார் தலைவர் தேவன் அண்ணை. "திரும்ப முறிஞ்சா நொண்டிதான், தெரியுமோ?"

"ஒரு வருசமா ஜன்னலுக்குள்ளாலை ரோட்டைப் பாத்துக்கொண்டு இருந்தனான் அண்ணை. ஒருக்கா விடுங்கோ."

அதற்குப் பிறகு யார் மறுப்பது? மாற்று ஆளாக இருந்தவனோ பெற்றோல் செட்டில் நைட் ஷிப்ட் முடித்து வந்து காருக்குள் நல்ல நித்திரை. துணிந்து சந்திரனை இறக்கினோம்.

முதல் பந்திலேயே தெரிந்துவிட்டது. கால் பழையபடி இல்லை. கண் பழைய கண்தான். அவன் தள்ளிவிட்ட பந்தில் கோல் விழுந்தது. நாங்கள் துள்ளினோம். சந்திரன் மட்டும் சிரிக்கவில்லை.

ஏன்? அவனிடம் ஒருவருமே பந்தைப் பறிக்க வரவில்லை.

எதிரணி, நாட்டில் எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முறை வைத்துப் புட்டும் ஆட்டுக்கால் சூப்பும் கொண்டு போனவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான். எலும்பு பொருந்தட்டும் என்று சூப் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அந்தக் காலையே எப்படி உதைப்பது? எட்ட எட்ட நின்றார்கள். ஒருவன், "பாத்து அண்ணை, அதிலை வழுக்கும்" என்று எச்சரிக்கை வேறு!

சந்திரன் பந்தை மிதித்து நிறுத்தினான்.

"நான் என்ன வீதிவலம் வாற சாமியே? விலத்தி விலத்தி நிக்கிறியள்! வாங்கோடா... வந்து பறியுங்கோடா!"

ஒருவரும் அசையவில்லை.

அவன் கேட்டது எனக்கு நன்றாக விளங்கியது. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து, என் இங்கிலீசைக் கேட்டுவிட்டு, என்னோடு எல்லோரும் மெதுவாக, சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசுகிறார்கள். கவுன்சிலில், கடையில், பஸ்ஸில். நல்ல மனதோடுதான், குறை சொல்லமாட்டேன். ஆனாலும் யாராவது என்னோடு சரிக்குச் சரி நின்று சண்டை பிடிக்கமாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். கெட்டிக்காரனாக இருந்தவனுக்குப் பரிதாபத்தைப் போல அலுப்பான சாப்பாடு வேறு உண்டா?

கடைசியில் வந்தவன் பாபு. எதிரணியின் பின்வரிசைக்காரன், சந்திரனின் மனைவிக்குத் தம்பி. ஓடி வந்தான், சறுக்கினான், பந்தோடு ஆளையும் சேர்த்து அடித்தான். சந்திரன் சேற்றில் விழுந்தான்.

பாபுவின் முகத்தில் இரத்தமே இல்லை. "அத்தான்... அத்தான்..." என்று குனிந்தான்.

சந்திரன் மெல்ல எழுந்தான். காலை ஊன்றிப் பார்த்தான். தாங்கியது. உடனே நடுவரைப் பார்த்துக் கத்தினான்: "ரெஃப்! கண் தெரியேல்லையோ? இது பவுல் இல்லாமல் வேறென்ன?"

"பொய் சொல்லாதேங்கோ அத்தான்! நான் பந்தைத்தான் அடிச்சனான்!" என்று பாபுவும் கத்தினான்.

இவ்வளவு சந்தோஷமான சண்டையை நான் கண்டதில்லை. அதன் பிறகு எல்லோரும் அவனை மற்றவர்களைப் போலவே இடித்தார்கள், தள்ளினார்கள், பறித்தார்கள். நாங்கள் தோற்றோம். சந்திரன் உடம்பெல்லாம் சேறும் வாயெல்லாம் பல்லுமாக, நொண்டிக்கொண்டு வெளியே வந்தான்.

பாவம் பாபுதான்... இந்த வாரம் முழுக்க அவனுக்கு அக்கா வீட்டில் சோறு இல்லையாம்.