சட்டைக்குள் விழுந்த கோது

எழுபதுகளில் மெல்பேர்னில், மான் வேட்டைக்கென்று பழைய அரைத்தானியங்கி ரைபிள் ஒன்று வைத்திருந்தேன். சுட்டு முடிந்த தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளைப் பொறுக்கிவந்து, குசினி மேசையில் வெடிமருந்தும் குண்டும் நிரப்பித் திரும்பவும் பாவிப்பேன். மனைவிக்கு அது பிடிக்காது. ஆனாலும் ஒருநாள் என்னோடு காட்டுக்கு வந்தாள்.

எதிரே பெரிய மான் ஒன்று நின்றது. சுட்டேன். குண்டு மரத்தில் பட்டது. ரைபிள் கக்கிய சூடான கோது, வலப்பக்கம் நின்றவளின் சட்டைக் கழுத்துக்குள், முதுகுப்பக்கமாக விழுந்தது.

“ஐயோ, சுடுது!”

வெடிச்சத்தத்துக்கு அசையாத மான், அவள் போட்ட சத்தத்தில் பறந்தது. அவள் துள்ளத் துள்ளக் கோது கீழே விழுந்தது.

“மிதிச்சுப் போடாதையும், நசிஞ்சு போகும்!” என்று கத்தினேன்.

அவள் துள்ளுவதை நிறுத்தினாள். “எனக்குச் சுட்டுப்போட்டுதோ எண்டு கேட்டனீங்களே?”

அவள் முதுகில் பட்ட சூட்டு அடையாளம் சீக்கிரமே மறைந்துவிட்டது. அந்தக் கேள்விதான் இன்னும் சுடுகிறது.