சோயாதான் வேணுமாம்

அருவங்காடு குவார்ட்டர்ஸில் யார் வீட்டு விசேஷமானாலும் தேங்காய் துருவுவதிலிருந்து பாய் சுருட்டுவது வரை தபித்தாளின் தலையில்தான் விடியும். வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும், கை வேலையை முடித்துவிடும்.

கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு மெழுகுவத்தி செய்கிற பொறுப்பும் அப்படித்தான் வந்தது. சபைக் கமிட்டியில் புதிதாகச் சேர்ந்த பிராங்ளின், "கடையில வாங்க வேண்டாங்க, நாமளே செய்யலாம். சோயா மெழுகுன்னா புகையே வராது," என்றான். செய்யப்போவது யார் என்று அவன் சொல்லவில்லை. எல்லோரும் தபித்தாளைப் பார்த்தார்கள்.

சோயா மெழுகை உருக்கிக் குழாய் அச்சில் ஊற்றினாள். ஆறினபின் இழுத்தால் பாதி உள்ளேயே நின்றுகொண்டது. தப்பி வெளியே வந்த பாதியும் கைச்சூட்டில் வெண்ணெயாய்க் குழைந்தது.

பிராங்ளினுக்குப் போன் போட்டாள். "இது டம்ளர்ல ஊத்தி வெக்கத்தான் ஆகும். கையில பிடிக்க ஆகாதுங்க தம்பி."

"வீடியோவுல அழகா வருதேக்கா. நீங்க சூடு பாக்கலையாட்ட இருக்குது."

போனை வைத்தவள் பல்லைக் கடித்தாள். மிச்ச சோயாவை வீட்டு டம்ளர்களில் ஊற்றி ஒதுக்கிவிட்டு, குன்னூர் மார்க்கெட்டில் பாரஃபின் மெழுகு வாங்கி வந்தாள். அது குளிருக்குச் சட்டென்று இறுகி விரிசல் விட்டது. வேலைவிட்டு வந்த கணவர் சில்வஸ்டர் அடுப்படியை எட்டிப் பார்த்தார். பாத்திரமெல்லாம் மெழுகு.

"சாம்பார் எதுல இருக்குது?"

"எதுலயும் இல்லீங்க!"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஓட்டலுக்குப் போனார்.

கடைசியில் பாரஃபினில் கொஞ்சம் தேன்மெழுகு கலந்து, அச்சுகளைப் பழைய கம்பளியில் சுற்றி மெதுவாக ஆறவிட்டாள். மெழுகுவத்திகள் நெட்டுக்குத்தாய், விரிசலில்லாமல் வந்தன.

ஆராதனையில் ஒன்றுகூட வளையவில்லை. முடிந்ததும் பிராங்ளின் ஓடி வந்தான். "பாத்தீங்களாக்கா? சோயான்னா சோயாதான்!"

"இதுல சோயா ஒரு துளி இல்லீங்க தம்பி. உங்க சோயா பூரா என்ற ஊட்டு டம்ளர்ல கெடக்குது. வந்து எடுத்துட்டுப் போங்க."

மறுநாள் வந்தான். டம்ளர்களைப் பார்த்துவிட்டு, "திரி போடலீங்களாக்கா?" என்றான்.

திரிநூலையும் உருக்கும் பாத்திரத்தையும் அவன் முன்னால் வைத்தாள் தபித்தாள். அவன் விரலைச் சுட்டுக்கொண்டு ஊதி ஊதித் திரி போட்டு முடிக்கும்வரை, எதிரில் உட்கார்ந்து நிதானமாக டீ குடித்தாள்.