யாரோடு போவது

இருபத்திரண்டு வயதில் எனக்குப் பிடிக்காத கல்யாணத்தை வீட்டில் முடிவு செய்தார்கள். சொல்லிப் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை. கிளம்பிவந்து காளவாசலில் பெண்கள் விடுதியில் தங்கி, ஜவுளிக்கடை வேலைக்குப் போனேன். மகளை யாரோ அடைத்து வைத்திருப்பதாக அப்பா உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். போலீஸ் என்னைக் கண்டுபிடித்து நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போனது.

"யாரோட போக விரும்புறீங்கம்மா?" என்று நீதிபதி கேட்டார்.

"யாரோடயும் இல்லங்கய்யா. நானாத்தான் வந்தேன். விடுதிக்கே போறேன்."

வயது வந்த பெண் விரும்பிய இடத்தில் வாழ்வது அரசியலமைப்பு தந்த உரிமை, யாரும் தடுக்கக் கூடாது என்றார் அவர். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். என் பக்கம் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் என் சொல்தான் நின்றது.

வராந்தாவில் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா மட்டும் அருகில் வந்தார்.

"இம்புட்டுப் பேரு இருந்தும் ஒத்தையில போறியே ஆத்தா."

"வாரேன்ப்பா" என்றேன்.

பஸ்ஸில் வழியெல்லாம் அழுதேன். இப்போது விளாங்குடியில் தனியாக இருக்கிறேன். தீபாவளிக்குக்கூட வீட்டிலிருந்து அழைப்பு வருவதில்லை. அந்த உரிமை எனக்குத் துணையாக வந்து உட்காராது. ஆனால் வீடே எதிரே நின்ற அன்று என்னிடம் அது மட்டும்தான் இருந்தது.