லெஸ்டரில் புஷ்ரா தைப்பதில்லை

“திரும்பும்மா.”

வாங்க, உட்காருங்க எல்லாம் அதற்குப் பிறகுதான். தி. நகரில், பாண்டி பஜாருக்குப் பின்சந்தில் ஒரு பழைய வணிக வளாகத்தின் மாடிப்படிக்கு அடியில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறார் வஜீஹா. வந்தவரின் முதுகைப் பார்க்காமல் அவர் பேச்சைத் தொடங்கியதில்லை. பின்கழுத்து, தோள்பட்டை, இடுப்பு என்று கண் இறங்கும். “இன்னாம்மா, வூட்ல சண்டையா? தோளு தொங்கிப் போயிக் கீது” என்பார். கேட்கப்பட்டவர் அநேகமாக ஒரு மூச்சு அழுதுவிட்டுத்தான் அளவு கொடுப்பார். முகம் பொய் சொல்லும், முதுகுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது என்பது வஜீஹாவின் கட்சி.

வாயில் எப்போதும் குண்டூசிகள். அவற்றைக் கவ்விக்கொண்டே பேரம் பேசுவார், திட்டுவார், சிரிக்கவும் செய்வார். இதுவரை ஒன்றையும் விழுங்கியதில்லை, அது ஆண்டவன் புண்ணியம். வடபழனி பஸ்ஸில் முன்னால் நிற்கும் பெண்ணின் ரவிக்கையைப் பார்த்து, “இத்த வெட்டினவன் கைய ஒடிக்கணும்” என்று உரக்கச் சொல்லிவிடுவார். அம்மா பக்கத்தில் உட்கார அவர் மகள் புஷ்ராவே கூசுவாள்.

அந்தப் புஷ்ரா இப்போது இங்கிலாந்தில், லெஸ்டர் நகரத்தில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். அம்மாவின் கைவாகு அப்படியே அவளுக்கு. புறப்படும்போது பெட்டியில் ஊறுகாயை ஓரங்கட்டிவிட்டு ஊக்கு, டேப், கத்தரிக்கோல், லைனிங் துணி என்று அடுக்கினார் வஜீஹா. அந்த ஊரில் புடவை கட்டுகிறவர்கள் ஏராளமாம், மகள் பிழைத்துக்கொள்வாள் என்று நம்பினார். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், “உங்காளுங்க லெஸ்டர்ல யாருனா கீறாங்களா? எம்பொண்ணு நம்பரு எழுதிக்கோ” என்று வாரி வழங்கினார்.

முதல் வாரமே அலறியடித்துக்கொண்டு போன் செய்தாள் புஷ்ரா. மாணவர் விசாவில் போனவர், வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு இருபது மணி நேரம் வரை யாரிடமாவது சம்பளத்துக்கு வேலை பார்க்கலாம். சொந்தத் தொழில் மட்டும் கூடவே கூடாது. ஒரு ரவிக்கை தைத்துக் காசு வாங்கினாலும் அது தொழில்தான். மாட்டிக்கொண்டால் விசா போகும், கூடவே படிப்பும் போகும். படிப்புக்கு வாங்கிய வங்கிக் கடன் மட்டும் எங்கேயும் போகாது.

“இன்னா நாயம்டி இது?” குண்டூசிகளைத் துப்பிவிட்டுக் கேட்டார் வஜீஹா. “ஓட்டல்ல எச்சத்தட்டு கழுவுனா ஒத்துக்கறான். கையில கீற தொழில செஞ்சா குத்தமா?”

“அம்மீ, உன் கடையில உன் சட்டம். அவன் ஊர்ல அவன் சட்டம். நம்பர் கொடுத்தவங்ககிட்ட எல்லாம் சொல்லி அழிக்கச் சொல்லு.”

நாள் முழுக்க அதே வேலையாகப் போன் போட்டார் வஜீஹா. அன்றைக்கு ஒரு ரவிக்கைகூட முடியவில்லை.

சட்டம் இருபது மணி நேரம் கொடுத்தது. புஷ்ரா வேலை பார்க்கும் ஓட்டல்காரர் அதில் பாதிதான் கொடுத்தார். சாப்பிட்டாயா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்பாள். என்ன சாப்பிட்டாய் என்றால் பேச்சை மாற்றுவாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் கே.கே. நகர் தேவானை வந்து சேர்ந்தார். நெடுநாள் வாடிக்கை. நம்பரை அழிக்காதவரும் அவர் ஒருவர்தான்.

“எங்க அண்ணன் பொண்ணு லெஸ்டர்லதான் இருக்கா வஜீஹா. வளைகாப்பு வருது, ஒரு ரவிக்கையும் ஏறல. புஷ்ரா தைக்கட்டுமே. காசை அங்க வாங்கினாத்தானே வம்பு? நான் இங்க உன் கையில கொடுத்துடறேன். காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சிடும்.”

வஜீஹாவுக்கு ஆசை வந்தது. வராமல் என்ன செய்யும்? ஒரு வளைகாப்புக்கு வந்தவர்கள் நாலு பேர் கண்ணில் பட்டால் போதும், மகள் வயிறாரச் சாப்பிடுவாள். வெட்டிக்கொண்டிருந்த துணியின் ஓரத்தையே கொஞ்ச நேரம் நீவிக்கொண்டிருந்தார்.

“வேணாங்க்கா” என்றார் கடைசியில். “கூலிய எங்க வாங்குனா இன்னா, தைக்கிற கை அவளுதுதானே? இன்னிக்கு நீ, நாளைக்கு உன் பேரச் சொல்லிக்கினு இன்னொருத்தி. எம்பொண்ணு பாதி படிப்புல பெட்டியத் தூக்கிக்கினு வந்து நின்னா, அல்லா, நான் தாங்கவே மாட்டேன்.”

தேவானையின் முகம் தொங்கிப்போனது. வஜீஹாவுக்கு அதுவும் பொறுக்கவில்லை.

“அந்தப் பொண்ண முதுகக் காட்டி நிக்கச் சொல்லி ஒரு போட்டோ அனுப்பச் சொல்லு. அளவு நான் பாத்துக்கறேன். உள்ள துணி விட்டுத் தைக்கிறேன், பிரிச்சு உட்டுக்கலாம். பார்சல் செலவு உன்னுது. கூலி என்னுது, அதுல ஒரு ரூபா கொறைக்க மாட்டேன், ஆமா.”

தேவானை கிளம்பிப் போனதும் லெஸ்டருக்கு வீடியோ கால் போட்டார். அங்கே காலை நேரம். புஷ்ரா தலை வாரிக்கொண்டிருந்தாள்.

“திரும்புடி.”

“ஐயோ அம்மீ, கிளாசுக்கு லேட்டாச்சு.”

“திரும்புன்னேன்ல?”

திரும்பினாள். புறப்படும்போது வஜீஹாவே கச்சிதமாகத் தைத்துக் கொடுத்த குர்தா. இடுப்பில் தொளதொளவென்று நின்றது.

போன் திரையில், மகளின் இடுப்புப் பக்கம் தொங்கிய உபரித் துணியை வஜீஹா இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தார். இன்னொரு கை குண்டூசி எடுக்க வாய்க்குப் போனது.