புன்னைக்காயலில் அடைத்துக்கொண்ட வாய்

கடந்த மே மாதம் தூத்துக்குடியில் ஒரு கருத்தரங்கு. எங்கள் துறைத் தலைவர் எழுதிய நூலுக்கு அங்கே பாராட்டு. கும்பினிக் காலத்தில், தாமிரபரணியில் உள்நாடுவரை படகு போகுமா என்று பார்க்க வந்த ஒரு துரையைப் பற்றிய நூல். அதற்கு விளம்பரம் தர எனக்கு விருப்பமில்லை. ஆகவே துரையின் பெயரையும் சொல்லப்போவதில்லை. நான் வருடக்கணக்காகப் பாடம் நடத்தும் விஷயத்துக்கு அவருக்குப் பொன்னாடை. எனக்கு மின்விசிறி எட்டாத ஒரு நாற்காலி. மறுநாள் அமர்வுகளை விட்டுவிட்டு, துரை பாடுபட்ட இடத்தைப் பார்க்கக் கிளம்பினேன்.

காலை ஆறரைக்குத் திருச்செந்தூர் பேருந்து. ஆத்தூரில் இறங்கிப் புன்னைக்காயலுக்கு ஆட்டோ, இருநூறு ரூபாய். மொத்தம் சுமார் முப்பது கிலோமீட்டர். அங்கே மிக்கேல் என்ற மீனவரிடம், ஃபைபர் படகில் ஆற்றிலிருந்து கடலுக்குப் போய்வர ஆயிரத்து இருநூறு பேசினேன்.

துரை கடலிலிருந்து வந்தவர். ஆற்றுக்குள் நுழையும் இடத்தில் படகோட்டிகள் துடுப்பைக் கீழே வைத்துவிட்டார்கள். காரணம் கேட்கச் சொன்னார். சென்னைப் பட்டணத்திலிருந்து மொழிபெயர்க்கக் கூட வந்த துபாசி கேட்டுச் சொன்னதை வைத்து, அவர்கள் வாயை அடைத்துக்கொண்டு அழும்பு செய்வதாகத் துரை எழுதிவைத்தார். இருவருக்குக் கசையடி. மற்றவர்கள் ஓடிப்போனார்கள். குடிதண்ணீர் கெட்டு, பேதியும் காய்ச்சலுமாக ஆற்றோரமே நடந்து போன துரை, வீங்கிய காலோடு டோலியில் திரும்பினார். தலைவரோ அந்த மௌனத்தைக் கிளர்ச்சி என்று சொல்லி ஓர் அத்தியாயமே எழுதிவிட்டார். கிளர்ச்சிக்காரன் எதற்குச் சவுக்கு வரும்வரை படகிலேயே உட்கார்ந்திருக்கிறான்? எனக்கு இதுதான் சந்தேகம். மறுக்க ஆதாரம் இல்லை.

கடல் கண்ணுக்குத் தெரிந்ததும் மிக்கேல் என்ஜினை நிறுத்திவிட்டு, மீன்பிடித்துத் திரும்பிக்கொண்டிருந்த தம்பியைக் கைப்பேசியில் அழைத்தார்.

"ஏலே தொம்மை, வாய் அடச்சிட்டுல! இங்கன வராத."

"டீசல் இல்லண்ணே. வேற எங்கன போவ? காத்து வேற ஏறுது."

"எந்த வாய்?" என்றேன்.

"ஆத்துக்கு எத்தன வாய் அண்ணாச்சி இருக்கு? ராத்திரியில மணல் விழுந்து மூடிட்டுல்லா."

படகோட்டிகள் சொன்னதும் இதுவாகத்தான் இருக்கும். ஆறு கடலில் சேரும் இடத்தை வாய் என்பார்கள் என்று தெரியாத பட்டணத்துத் துபாசி சொல்லுக்குச் சொல் மாற்றியிருக்கிறார். ஆற்றின் வாய் அவர்களுடைய வாயாகிவிட்டது.

சந்தோஷப்பட நேரமில்லை. தொம்மையின் படகு மணல்திட்டில் ஏறி நின்றுவிட்டது. அலை பக்கவாட்டில் அடித்தது. இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் கவிழ்ந்துவிடும். மிக்கேல் குதித்தார். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த இருவர் ஓடிவந்தார்கள்.

"அண்ணாச்சி, படிச்சவியளுக்குத் தண்ணி பட்டாக் கரஞ்சிருமோ? எறங்கித் தள்ளுங்க!" என்று மிக்கேல் கத்தினார்.

ஷூவோடு இறங்கினேன். இடுப்பளவு தண்ணீர். அலை தூக்கும்போது தள்ள வேண்டும். நான் அலை இறங்கும்போது தள்ளி வசவு வாங்கினேன். கடைசியில் ஒரு பெரிய அலை வந்து, படகு மணலை உரசிக்கொண்டு ஆற்றுக்குள் விழுந்தது.

தொம்மை முகத்தைத் துடைத்துக்கொண்டே, "யாருண்ணே இது, ஆபீசரா?" என்றார்.

"இல்லல. வாய் பாக்க வந்திருக்காவ."

எல்லாரும் சிரித்தார்கள். வெகுநாளைக்குப் பிறகு, என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

கோடையில் போகிறவர்கள், வாய் திறந்திருக்கிறதா என்று முதல்நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். மாற்றுத்துணி எடுத்துப் போங்கள். சாப்பாட்டுக்கு ஆத்தூர் திரும்புவது நல்லது. படகோட்டி முடியாது என்றால், ஏன் என்று இரண்டுமுறை கேளுங்கள்.

துரையிடம் கசையடி பட்ட அந்தப் படகோட்டிகள் இருவரும் கிளர்ச்சி செய்யவில்லை, மௌனமாகவும் இருக்கவில்லை. மணல் விழுந்திருக்கிறது என்று தெளிவாகச் சொன்னார்கள். சொன்னதற்குத்தான் அடி வாங்கினார்கள்.